யாருடைய மூன்று மாதம்?

கொதிக்கிற எண்ணெயில் உழுந்து வடை விழும் வாசனையும், ஊசி போடுமுன் தோலில் தேய்க்கிற ஸ்பிரிட்டின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இப்போதும் என் கை தானாகக் கையுறையைத் தேடும். கொழும்புக் காலி வீதியில் எங்கள் ஆய்வுகூடத்தின் வெள்ளவத்தைக் கிளை ஒரு சிற்றுண்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டு, வடைச் சட்டிக்கு நேர் மேலே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தோம். இதை யோசித்துச் செய்தவருக்கு நரகத்தில் நல்ல உத்தியோகம் காத்திருக்கும். பின் ஜன்னலைத் திறந்தால் கடல். ரயில் போகும்போது அலமாரியில் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று மெல்லக் கிசுகிசுக்கும். உப்புக் காற்று, வடை, ஸ்பிரிட், பசித்தவர்களின் கோபம். என் பாதி ஆயுள் அந்தக் காற்றில் போனது.

இந்த வருடம் ஆய்வுகூட வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். திரையில் ஒரு எண் வந்து நிற்கிறது, அதை வெளியே விடலாமா வேண்டாமா என்று நீங்கள் மட்டும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் சனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வியாழக்கிழமை கிளினிக் என்றால் திங்கள் காலையிலேயே வெள்ளவத்தையில் விரதம் தொடங்கிவிடும். குரக்கன் பிட்டு, பாவற்காய்ச் சாறு, சீனி போடாத பிளேன்டீ, மரைன் டிரைவில் கையை வீசி வீசி நடை. மூன்று நாளில் எல்லோரும் முனிவர்கள். வியாழன் காலை இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே படியிறங்குவார்கள். கீழே போய்ச் சேரும்போது மற்றக் கையில் வடை இருக்கும். ஹெவ்லொக் டவுனில் இருந்து வரும் ஐயா ஒருவர் காதுக்குள் வந்து சொல்வார்:

"பிள்ளை, அந்த ஏ-வன்-சி வேண்டாம். அது கோள் சொல்லுற சாமான். ஃபாஸ்டிங் மட்டும் எடும். அதுக்கு ஆக்களை மதிக்கத் தெரியும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வெறும் வயிற்றுச் சீனிக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான் தெரியும். ஏ-வன்-சிக்கு எல்லாம் தெரியும். அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த கதை.

செங்குருதிக் கலத்துக்குள் ஹீமோகுளோபின் என்று ஒரு புரதம். ஒட்சிசனைச் சுமந்து திரிவது அதன் வேலை. அந்தப் பக்கமாக மிதந்து போகும் குளுக்கோஸ், அந்தப் புரதச் சங்கிலியின் நுனி ஒன்றில் வந்து தொற்றும். யாரும் அழைக்கவில்லை. நொதியம் எதுவும் நடுவில் நின்று தரகு பேசவில்லை. சும்மா போகிற வழியில் தொற்றுவதுதான். ஆரம்பத்தில் அது பட்டும் படாத உறவு. சீனி இறங்கினால் கழன்றுவிடும். கொஞ்சக் காலம் அப்படியே இருந்துவிட்டால் உள்ளுக்குள் ஒரு சின்ன இடமாற்றம் நடந்து பிடி இறுகும். அதற்குப் பிறகு கழலாது. விசா வரும்வரை ஒரு கிழமை என்று சொல்லிக்கொண்டு வெள்ளவத்தையில் சொந்தக்காரரின் ஃபிளாட்டுக்கு வந்தவர்களை உங்களுக்குத் தெரியும். முதல் கிழமை பெட்டியைக்கூடப் பிரிக்கமாட்டார்கள். பிறகு ஒரு நாள் பார்த்தால் பல்கனிக் கொடியில் அவர்களுடைய சாரத்துக்கென்று ஒரு இடம் இருக்கும். அதன் பின் அவர்களை யார் எழுப்புவது? சீனியும் அப்படித்தான். அந்தக் கலம் சாகும்வரை அதோடு குடியிருக்கும்.

ஒரு கலம் ஏறக்குறைய நான்கு மாதம் வாழும். பழையதும் புதியதும் கலந்துதான் ஓடுகின்றன. ஆகவே ஹீமோகுளோபினில் எத்தனை வீதத்தில் சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், போன இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். முனிவர்கள் அகப்படுவது அங்கேதான். எங்கள் சனம் அதற்கு மூன்று மாதச் சீனி என்றே பெயர் வைத்துவிட்டது.

அழகான பரிசோதனை. ஆனால் எல்லா அழகுக்கும் இருக்கிற ஒரு அசட்டுத்தனம் இதற்கும் உண்டு. தான் எண்ணுகிற கலங்கள் எல்லாம் இத்தனை நாளும் இந்த உடம்புக்குள்தான் இருந்தன என்று அது கேட்காமலே நம்பிவிடும். அந்த நம்பிக்கையில் ஒரு முழங்கால் போகப் பார்த்தது.

கமலாம்பிகை டீச்சர் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மகள் வதனியோடு இருந்தார். பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நீண்ட நாள் சீனி வருத்தக்காரர். அந்த ஒழுங்கையில் கல்யாணப் பேச்சு எது நடந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மாப்பிள்ளை என்ன வேலை என்று அவர் விசாரிப்பதில்லை. "ஆர் ஆக்கள்?" என்பதுதான் கேள்வி. இரத்தம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பார். நாங்கள் இரத்தத்தைக் குழாய் குழாயாகப் பார்க்கிறவர்கள். அவர் சொல்லும் சுத்தத்தை அளக்க எங்களிடம் இயந்திரம் கிடையாது. சில வீடுகளில் அவர் தேத்தண்ணி குடிக்கமாட்டார். வயிற்றுக்கு ஒத்துவராது என்பார். ஆள் பார்த்து ஒத்துவராமல் போகிற அபூர்வமான வயிறு அது.

அவருடைய வலது முழங்கால் முற்றாகத் தேய்ந்து போயிருந்தது. செயற்கை மூட்டு வைக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதித்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மாதச் சீனி எட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். அம்மாவின் காலுக்காக மகன் ரமணன் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அடுத்த புதன்கிழமை சத்திரசிகிச்சை.

மூவருமாக எங்கள் படியேறி வந்தார்கள். டீச்சர் நாற்காலியில் இறங்கி மூச்சு வாங்கினார்.

"என்ன பிள்ளை, உங்கட முதலாளி ஒரு லிஃப்ட் போடமாட்டாரோ? முழங்கால் செத்தவையைத்தானே மாடிக்குக் கூப்பிடுறார்."

"படியேறினா சீனி குறையுமாம் டீச்சர்."

"அப்ப அவரை நாளுக்குப் பத்துத்தரம் ஏறச் சொல்லும். வயிறு இறங்கட்டும்."

ரமணன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அம்மா, சும்மா இருங்கோ. மிஸ், ரிசல்ட் இண்டைக்கே வேணும். வாட்ஸ்அப்பிலை போட்டாக் காணும். ஒப்பரேஷன் புதன், எனக்கு அதுக்கடுத்த ஞாயிறு பிளைட்."

"பாத்தீரே? பிளைட்டுக்கு நேரமாச்செண்டு என்ர காலை வெட்டுவிக்கிறான்."

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கிட்டடியில் ஏதாவது வருத்தம், ஆஸ்பத்திரி?

"போன மாசம் ஒரு நேர்சிங் ஹோமிலை ரெண்டு மூண்டு நாள் கிடந்தனான். வயிறு சரியில்லை. களைப்பெண்டு இரும்பு ஏத்தினவை."

வதனி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அப்படி என்ன கண்டார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு சீமெந்துக் கம்பனியின் படம்.

அன்று முற்பகலே எண் வந்துவிட்டது. ஏழு தசம் மூன்று. வெறும் வயிற்றுச் சீனி இருநூற்றெழுபது. நான்கு மாதத்துக்கு முன் எங்களிடமே எடுத்த மூன்று மாதச் சீனி பத்து தசம் எட்டு. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வீட்டில் பிறந்தவை போல இல்லை.

எங்கள் மனேஜர் அப்போது பின்னால் வந்து நின்றார். புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஆய்வுகூடத்தையும் அந்தக் கைப்பழக்கத்தோடுதான் நடத்தினார். கேட்ட நிறம் கேட்ட உடனே மேசையில் விழவேண்டும்.

"மேடம், மிஷின் நம்பர் கொடுத்துடுச்சில்ல? அனுப்பிடுங்க. கனடாக்காரர் போன் பண்ணிக்கிட்டே இருக்கார்."

"காலைச் சீனி இருநூற்றெழுபது சேர். சராசரி ஏழு தசம் மூண்டு. ரெண்டும் ஒரு ஆளுக்குச் சேராது."

"கீழ வடை சாப்பிட்டுட்டு வந்திருப்பாங்க."

"வடையாலை காலைச் சீனி ஏறும். இது மூண்டு மாசமும் சேர்ந்து இறங்கியிருக்கு. முந்தின ரிப்போர்ட்டைப் பாருங்கோ."

"மேடம், எட்டுக்குக் கீழ வேணும்னு கேட்டாங்க. எட்டுக்குக் கீழ வந்திருக்கு. அவங்களுக்குச் சந்தோஷம், டாக்டருக்குச் சந்தோஷம், நமக்கும் நல்ல பேரு. சந்தோஷத்தை யாராவது ரிப்பீட் பண்ணுவாங்களா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கெட்ட எண் வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஊசி பிழை, மிஷின் பிழை, பிள்ளைக்கு வேலை தெரியாது என்று சொல்லி வேறு இடத்தில் போய்த் திரும்ப எடுப்பார்கள். நல்ல எண் வந்தால் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். நான் பார்த்த அளவில், ஆட்களுக்குக் கூடுதலாகக் கெடுதல் செய்தது அப்படிக் கும்பிடப்பட்ட எண்தான்.

நான் திரும்ப ஓட்டினேன். அதே ஏழு தசம் மூன்று. குழாயின் பெயர் சரி. இயந்திரம் சரி. எனக்கு ஓர் இடத்தில் இருக்க வராது. ஜன்னலுக்குப் போனேன், கடலைப் பார்த்தேன், வந்தேன். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இழுத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் குனிந்தேன்.

ஒரே மண்டபத்துக்குள் இரண்டு கல்யாண வீட்டார் மாறி வந்து உட்கார்ந்தது போல இருந்தது. ஒரு பகுதி சின்னதாய், வெளிறி, நடுவில் குழி விழுந்து கிடந்தது. இரும்பு குறைந்த டீச்சரின் சொந்தக் கலங்கள் அவை. அவரை நான் பல வருடமாக அந்தக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். மற்றப் பகுதி கொழுத்து, நிறம் கட்டி, நல்ல வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களைப் போல. இரும்பு ஏற்றினாலும் இரண்டு கூட்டம் தெரியும்தான். ஆனால் ஒரு மாதத்துக்குள் இத்தனை பேரா?

நான் குனிந்திருந்த அந்த நேரத்துக்குள் மனேஜர் கனடாக்காரரின் அழைப்பை எடுத்து எண்ணைச் சொல்லிவிட்டார். மகன் அதை உடனே வைத்தியருக்குச் சொல்லியிருக்கிறான். எண் காலி வீதியைத் தாண்டிப் போய்விட்டது. புதன்கிழமைக்கு ஒப்பரேஷன் தியேட்டர் உறுதி.

வதனியைத் தனியாக வரச் சொன்னேன். பின்னேரம் வேலை முடிந்து கந்தோரிலிருந்து நேரே வந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அம்மாவுக்கு ஏத்தினது இரும்போ?"

"அம்மாதானே சொன்னவ."

"அம்மாவைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினார்.

"இரத்தம் அக்கா. நாலு பை."

முழங்கால் நோவுக்குப் பார்மசியில் குளிசை வாங்கி வாங்கி விழுங்கியிருக்கிறார் டீச்சர். வயிறு புண்ணாகி உள்ளுக்குள்ளேயே இரத்தம் போயிருக்கிறது. கொண்டுபோகும்போது பாதி நினைவில்லை.

"ஏத்தாட்டித் தப்பாது எண்டார் டொக்டர். நான் கையெழுத்து வைச்சனான். ரெண்டாவது பை முடியேக்கை கண் முழிச்சிட்டா. 'என்னடி ஏத்துறியள்?' எண்டு கேட்டா. இரும்பு எண்டு வாயிலை வந்திட்டுது. அடுத்த பை போடேக்கை தலையணை உறையைக் கழட்டி அதை மூடிவிட்டன். வெளிச்சம் பட்டா மருந்து பழுதாப் போகும் எண்டு சொன்னன்."

"நேர்ஸ் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சிங்கள நங்கி ஒருத்தி. நான் கண்ணைக் காட்டினன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டா."

"ரமணனுக்கு?"

"தெரியாது. வயிற்றுக் கோளாறு எண்டு மட்டும் சொன்னனான். தெரிஞ்சா அங்கையிருந்து கத்துவான்."

"காலுக்கு ஒப்பரேஷன் செய்யிற டொக்டருக்கு?"

"அம்மா முன்னாலை இருந்து இரும்பு எண்டு சொல்லேக்கை நான் என்னத்தைச் சொல்ல?"

ஏன் இப்படி மறைக்கவேண்டும் என்று கேட்டேன். வதனி முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கொரு சம்பந்தம் வந்தது அக்கா. ஒரே கந்தோர். நல்ல மனிசன். அந்த இரத்தம் எங்கட வீட்டுக்குள்ளை வரப்படாது எண்டு ஒரே சொல்லிலை முடிச்சுவிட்டவ. இப்ப நாலு பேற்ற இரத்தத்தை அவவுக்குள்ளையே விட்டிட்டு நிக்கிறன். எப்பிடிச் சொல்லுறது?"

குரலில் பயம் இருந்தது. பயம் மட்டும்தான் இருந்தது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஓரத்தில் கொஞ்சம் ருசியும் இருந்தது.

"இங்கை பாருங்கோ வதனி," என்றேன். "ஆரோ நாலு பேர், ஏதோ ஒரு பௌர்ணமிப் போயா நாளிலை புத்த பன்சலையிலை வரிசையிலை நிண்டு இரத்தம் குடுத்திட்டு, பிஸ்கட்டும் பாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பினம். சீனி இல்லாத ஆக்கள். அம்மாவின்ர ரிப்போர்ட்டிலை பாதி அவையின்ர மூண்டு மாசம். டொக்டர் அதைப் பாத்துக் காலை வெட்டப் போறார். உள்ளுக்கை ஓடுறது இருநூற்றெழுபது. அந்தச் சீனியிலை இரும்பு மூட்டு வைச்சுக் கிருமி பிடிச்சா மூட்டைக் கழட்டவேணும். அதோட நிக்காட்டிக் காலையே எடுக்கவேணும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. எண் பிழை எண்டு மட்டும் எழுதுங்கோ அக்கா. ஏனெண்டு எழுதவேண்டாம். அவ ரிப்போர்ட்டை ஒரு சொல் விடாமல் வாசிக்கிறவ."

"டொக்டருக்கு இப்பவே சொல்லப்போறன். எழுதுறதை யோசிக்கிறன்."

அவர் போன பிறகு வைத்தியரை அழைத்தேன். மகன் சொல்லிவிட்டார், தியேட்டர் போட்டாயிற்று என்று அவசரத்தில் தொடங்கினார். நான் நான்கு பை என்றேன். மறுமுனையில் பேனை மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே என்றார். இருக்கிற இரத்தத்தில் ஃபுரக்டோசமின் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபினை விட்டுவிட்டு, இரத்தநீரிலுள்ள மற்றப் புரதங்களில் ஒட்டிய சீனியைப் பார்க்கிற பரிசோதனை அது. போன இரண்டு மூன்று கிழமையைச் சொல்லும்; அந்த நான்கு பேரின் கலங்கள் அதைக் குழப்ப முடியாது. பெரிய ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். மறுநாள் வந்தது. எங்கள் டீச்சர் பழைய டீச்சராகவே இருந்தார். சீனி இறங்கவே இல்லை. வைத்தியர் புதன்கிழமையை அடித்துவிட்டார்; மகனுக்குக் காரணத்தை விரிக்கவில்லை.

எழுதுகிற வேலை மட்டும் மிச்சம். எண் பொருந்தாது என்று மட்டும் எழுதலாமா? அப்படி எழுதினால் ரமணன் அடுத்த தெருவில் உள்ள ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போவான். அங்கேயும் ஏழு சொச்சம் வரும். அங்கேயும் ஒரு துணிக்கடை மனேஜர் இருப்பார். வேறொரு வைத்தியர் கத்தியை எடுப்பார். அதைவிட இன்னொன்று என்னை உட்காரவிடாமல் அலைத்தது. டீச்சரின் கால், டீச்சரின் இரத்தம், அதுவும் இப்போது முழுவதும் டீச்சருடையதல்ல. இத்தனைக்கும் இது முதலில் தெரியவேண்டிய டீச்சருக்கே தெரியாது. மகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் போன நங்கிக்குத் தெரியும். ஒரு உடம்பின் இரகசியத்தை ஊரெல்லாம் சேர்ந்து அந்த உடம்பிடமிருந்தே காப்பாற்றுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பாசம்.

எழுதினேன். அண்மையில் குருதி ஏற்றப்பட்டுள்ளது; ஆகவே இந்தப் பெறுமானம் நோயாளியின் சராசரிச் சீனியைக் காட்டாது. எழுதியதை வதனிக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினேன். நீங்களே முதலில் சொல்லுங்கள் என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்தார்.

மூவருமே வந்தார்கள். ரமணன் படியிலேயே தொடங்கிவிட்டான்.

"நேற்று ஏழு தசம் மூண்டு எண்டது உங்கட ஆக்கள்தானே? இண்டைக்கு டொக்டர் கான்சல் எண்டுறார். இது லாப்போ, லொத்தர்ச் சீட்டுக் கடையோ?"

மனேஜருக்கு உள்ளறையில் ஏதோ முக்கியமான வேலை ஞாபகம் வந்தது. கதவும் சாத்தப்பட்டது.

"மகன், கத்தாதை," என்றார் டீச்சர். "மிஸ் படிச்ச பிள்ளை. தாரும் பாப்பம்."

உறையை அவர் கையில்தான் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து, பெயர், வயது, குழாய் எண் எல்லாம் வாசித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அந்த வரியில் நின்றது. வதனி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கீழே வடைக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை பிடித்தார்கள். விரல் அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது.

"'இந்தப் பெறுமானம் நோயாளியின் சராசரிச் சீனியைக் காட்டாது,'" என்று உரக்க வாசித்தார். அதற்கு முந்திய பாதியை வாசிக்கவில்லை. தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், கைப்பைக்குள் வைத்து மூடினார். "அவ்வளவுதான். அந்த ஏழு தசம் மூண்டு என்ர இல்லையாம்."

"ஏனாம்? தாங்கோ பாப்பம்."

"சராசரி எண்டா அப்பிடித்தான் வரும். உனக்கு எட்டாம் வகுப்பிலையே சராசரி பிடிபடேல்லை, இப்ப பாத்து என்ன செய்யப்போறாய்?"

"அப்ப என்ர லீவு?"

"லீவை நீ கொண்டுபோ. சீனியை நான் இறக்குறன். பிறகு காலைப் பாப்பம். போய் ஓட்டோ ஒண்டு பிடி. வதனி, நீயும் போ. இவன் பேசத் தெரியாமல் கேட்டதைக் குடுத்திடுவான்."

வதனி என்னைப் பார்த்தார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். சீமெந்துக் கம்பனியின் படம் உண்மையில் அவ்வளவு மோசமில்லை. இருவரும் இறங்கிப் போகிற சத்தம் கேட்டு முடிந்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அவள் பையை மூடினவள், பிள்ளை. குழாயை மூட மறந்திட்டாள்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தலையணை உறைக்குக் கீழே இருந்து கை வரைக்கும் ஓடுகிற குழாய். அது சிவப்பு.

"அப்ப முதலே தெரியுமோ? இங்கை இரும்பெண்டுதானே சொன்னீங்கள்."

"இரத்தமெண்டு சொன்னா, வேணுமோ வேண்டாமோ எண்டு நானெல்லோ முடிவெடுக்கவேணும். இரும்பெண்டா ஒரு முடிவும் தேவையில்லை. ஊசியைக் கழட்டு எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவ்வளவுதான்."

"வதனிக்குச் சொல்லலாமே டீச்சர். அந்தப் பிள்ளை பயந்து சாகுது."

"சொன்னா அவள் என்னட்டை வேறொண்டு கேப்பாள்." கண்ணாடியைக் கழற்றினார். "கேக்கத்தான் வேணும். கேக்கட்டும். வீட்டை போய்ச் சொல்லுறன்."

கையைப் பிடித்து எழுப்பினேன். படியின் தலைப்பில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். கீழே ஓட்டோவின் ஹோர்ன் கேட்டது. மகன் பொறுமையில்லாமல் அடிக்கச் சொல்லியிருப்பான். டீச்சர் அவசரப்படவில்லை. முதல் படியில் நின்று கணக்குப் போட்டார்.

"இரத்தம் தந்தவை சீனி இல்லாத ஆக்கள் எண்டா அவையின்ர பங்கு அஞ்சு. என்ர பங்கு பத்து பதினொண்டு. கலந்து ஏழு சொச்சம். சரியோ?"

"சரி டீச்சர். ஆனா அது அப்பிடியே நிக்காது. அவையின்ர கலங்களும் இப்ப உங்கட சீனிக்குள்ளைதான் ஓடுது. நாளுக்கு நாள் அதுகளிலையும் ஒட்டும்."

அவர் அடுத்த படியில் நோகிற காலை வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாவம். நல்லா இருந்தவை. என்னோட சேந்துதான் கெட்டுப்போச்சினம்."